வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவே ஒரு சொல்

மலைநாட்டில் மழை பிடித்துவிட்டால் காலை எட்டு மணியும் விடியாத பொழுது போலவே தோன்றும். அத்தகைய ஒரு காலையில், ஹட்டன் பக்கத்து வைத்தியசாலையொன்றின் வெளிநோயாளர் பகுதியில், நண்பர் ஒருவருக்குத் துணையாக நாம் வாங்கில் அமர்ந்திருந்தோம். வைத்தியரின் அறையிலிருந்து ஒரு தாயும் மகளும் வெளியே வந்து எமக்கு அருகே அமர்ந்தனர். தாய்க்கு நாற்பத்தைந்து வயதிருக்கலாம். கொழுந்து பறித்துப் பறித்துக் கறையேறிய விரல்கள். மகள் பாடசாலைச் சீருடையில் இருந்தாள். பாடசாலைக்குப் போகாமல், அம்மாவுக்காகச் சிங்களம் பேசுவதற்கு வந்தவள் என்று பின்னர் அறிந்தோம்.

“டொக்டர் என்னாம்மா சொன்னாரு?” என்று தாய் கேட்டார்.

“வயித்துல கட்டி இருக்காம்மா. ஒப்பரேஷன் பண்ணி எடுக்கணுமாம்.”

“கட்டிய மட்டுந்தானே எடுப்பாங்க?”

மகள் சற்றுத் தயங்கினாள். “அப்படித்தாம்மா இருக்கும்” என்றாள்.

எம்முடன் வந்த நண்பர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பொலிதீன் பையில் சுற்றியிருந்த கிளினிக் கொப்பியை அவரிடம் நீட்டி, “இதுல என்னாங்க ஐயா எழுதியிருக்கு, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்று அந்தத் தாயே கேட்டார். நண்பர் படித்தார், எம் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் படித்தார். கட்டியை மட்டும் அகற்றுவதாக அதில் எழுதப்படவில்லை. கர்ப்பப்பையையே அகற்றுவதாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. அதற்கு அந்தத் தாய் உள்ளே சம்மதம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

வைத்தியர் மறைத்தாரா என்றால், இல்லை. “கர்ப்பாஷய” என்று அவர் சிங்களத்தில் தெளிவாகவே கூறியிருக்கிறார். பாடசாலையிலும் கடைவீதியிலும் கற்ற அந்தப் பிள்ளையின் சிங்களத்தில் அந்தச் சொல் இருக்கவில்லை. ஆகவே தெரிந்த சொல்லாகிய ‘கட்டி’யைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டாள். இதில் வேடிக்கையும் வேதனையும் ஒருங்கே உண்டு. ‘கர்ப்பாசயம்’ என்பது நம் பழைய வைத்திய ஏடுகளில் வழங்கிய சொல்லேயாகும். இரு மொழிக்கும் பொதுவான அந்தச் சொல்லை அந்தப் பெண் தமிழிலாவது ஒருமுறை கேட்டிருந்தால், சிங்களத்தில் கேட்டபோது திடுக்கிட்டிருப்பாள்.

வைத்தியரிடம் சரியான சொற்களில் பேசுவது படித்தவர்களின் நாகரிகம் என்று எண்ணுவோர் உளர். அவ்வாறன்று. நாம் சொல்லும் ‘சரி’ எதற்குச் சொல்லப்பட்ட ‘சரி’ என்பதே அதில் தங்கியிருக்கிறது.

தேயிலைத் தோட்டங்களுக்கு இக்குறை இன்று நேற்று வந்ததன்று. தோட்டத் தொழிலாளரின் வைத்திய வசதிக்கென ஒரு கட்டளைச் சட்டம் 1872ஆம் ஆண்டிலேயே பிறந்தது. அதன் பின் தோட்டந்தோறும் டிஸ்பென்சரி என்ற ஒன்று தோன்றியது. அங்கே இருந்தவர் பெரும்பாலும் முழுப் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர், மருந்தும் சிலவே. ஆயினும் லயத்து மக்கள் பேசும் பேச்சு அவர்களுட் பலருக்கு விளங்கியது. பிற்காலத்தில் அரசாங்க வைத்தியசாலைகள் மலைநாட்டில் வளர்ந்தன. டிக்கோயாவின் கிளங்கன் வைத்தியசாலைக்கு இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட புதிய கட்டடம் 2017ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் திகதி இந்தியப் பிரதமரால் திறந்துவைக்கப்பட்டதை வாசகர்கள் அறிவர். நல்ல வைத்தியர்களும் நல்ல கருவிகளும் வந்திருக்கிறார்கள். அதை நாம் நன்றியுடன் கூறவே வேண்டும். ஆனால் தீவின் எப்பகுதியிலிருந்தும் மாற்றலாகி வரும் அந்த வைத்தியர்கள் ஆங்கிலத்தில் கற்றவர்கள். அவர்களிற் பெரும்பாலோர் வீட்டில் சிங்களம் பேசுபவர்கள். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. வாசற்பலகை தமிழில் பேசுகிறது. கட்டிலருகே நடக்கும் பேச்சுத்தான் இன்னும் இடையில் ஓர் ஆளைத் தேடுகிறது.

அந்த ஆள் யார்? சில வேளை ஆஸ்பத்திரிச் சிற்றூழியர். சில வேளை அடுத்த கட்டிலில் இருக்கும் நோயாளி. பல வேளை பெற்ற பிள்ளை. மகன் துணைக்கு வந்தால் மாதவிடாய் பற்றியோ வெள்ளைப்படுதல் பற்றியோ தாய் வாய் திறப்பாரா? “வயிறு வலிக்குதுன்னு சொல்லுப்பா” என்பதோடு விஷயம் முடிந்துவிடும். வைத்தியரும் வயிற்றுக்கு மருந்து எழுதுவார்.

நிற்க. ‘சரியான சொல்’ என்றதும் ஆங்கிலப் பெயர்களை மனனம் செய்ய வேண்டும் என்று மாணவ மாணவியர் நினைத்துவிடக் கூடாது. முதலாவதாக வேண்டுவது நம் கையில் இருக்கும் சொற்களைச் சிதறவிடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதே. நோவைக் குறிக்கத் தமிழிலே எத்தனை சொற்கள்! குத்து, கடுப்பு, எரிவு, குடைச்சல், உளைச்சல், இழுப்பு, நெரிப்பு, பாரம், சுண்டியிழுத்தல். தோட்டத்துக் கிழவி ஒருவர் இவற்றுள் ஒன்றை மற்றொன்றாக மாற்றிச் சொல்லவே மாட்டார். அவை அழகுக்காக ஏற்பட்ட சொற்கள் அல்ல; ஒவ்வொன்றும் ஒரு குறிப்பு. பசித்த வயிற்றிலோ உண்டபின் படுத்தாலோ நெஞ்சில் ‘எரிவு’ என்றால் வைத்தியர் பெரும்பாலும் இரைப்பை அமிலத்தை நினைப்பார். கூடையைச் சுமந்து மேட்டில் ஏறும்போது நெஞ்சை ‘நெரிக்கிறது’, நின்றால் விட்டுவிடுகிறது, இடது கைக்கும் தாடைக்கும் பரவுகிறது என்றால் உடனே இருதயத்தை நினைப்பார். இடுப்பிலிருந்து கால்வரை ‘சுண்டியிழுக்கிறது’ என்றால் நரம்பை நினைப்பார். இந்த மூன்றையும் “ரிதெனவா” என்று ஒரே சொல்லாக்கிச் சிங்களத்தில் சொல்லிவிட்டால் வைத்தியருக்குக் கிடைப்பது வெறும் ‘வலிக்கிறது’ என்பதுதான். சிங்கள மொழியிலும் எரிவுக்குத் ‘தெவில்ல’ என்று தனிச்சொல் உண்டு. ஆனால் இடையில் நிற்கும் பிள்ளைக்கு அது தெரியாதே!

ஆகவே இடம், எப்போது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, எங்கே பரவுகிறது என்பவற்றைச் சொன்னால், பெயர் தெரியாவிட்டாலும் பாதிக் காரியம் முடிந்துவிடும்.

இனித் தமிழே நம்மை ஏமாற்றும் இடங்களும் உள. ‘மயக்கம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தலை சுற்றினாலும் மயக்கம். நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம். கர்ப்பிணிக்கு வரும் குமட்டலும் மயக்கம். சத்திர சிகிச்சைக்கு முன் கொடுப்பதும் மயக்கம். “இரண்டு முறை மயக்கம் வந்தது” என்று கேட்ட வைத்தியர் எதனை எழுதிக்கொள்வார்? அறை சுழல்வது போல் இருந்ததா, கண் இருண்டதா, உண்மையிலேயே நினைவு போயிற்றா, எவ்வளவு நேரம், கண்ட பேர் யார் என்று பிரித்துச் சொல்லல் வேண்டும்.

‘சேராது’ என்பது இன்னும் அபாயமான சொல். “அந்த ஊசி எனக்குச் சேராதுங்க” என்று ஒருவர் கூறுகிறார். வயிற்றைக் கலக்கியதையும் அவ்வாறே சொல்வோம். உடல் முழுதும் தடித்து, முகம் வீங்கி, மூச்சு அடைத்து உயிர் ஊசலாடியதையும் அவ்வாறே சொல்வோம். முன்னதற்கு மருந்தை மாற்றலாம், அல்லது சாப்பாட்டுடன் கொடுக்கலாம். பின்னது ஒவ்வாமை, அம்மருந்தை மறுபடியும் ஏற்றினால் உயிர் போகவும் கூடும். ‘ஒவ்வாமை’ என்ற சொல்லையும், அம்மருந்தின் பெயரையும், அன்று நேர்ந்தது என்ன என்பதையும் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் சிவப்பு மையினால் எழுதி வைக்கலாம். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இதுபோலவே ‘குணமாக்குதல்’ வேறு, ‘கட்டுப்படுத்தல்’ வேறு. சீனி வியாதிக்கும் இரத்த அழுத்தத்துக்கும் கொடுக்கும் மாத்திரை பொதுவாகக் கட்டுப்படுத்துவது. ஒரு மாத மாத்திரை முடிந்ததும் ‘வருத்தம் மாறிவிட்டது’ என்று நிறுத்திவிட்டு, பின்னர் பாரிசவாதம் கண்டு படுத்தவர்கள் மலைநாட்டில் மட்டுமன்று, கொழும்பிலும் உளர். “இது நோயை மாற்றுமா, அடக்கி வைக்குமா? எவ்வளவு காலம் எடுக்க வேண்டும்?” என்று கேட்டிருந்தால் அந்த மயக்கம் நேர்ந்திராது. (இதோ, ‘மயக்கம்’ ஐந்தாவது பொருளிலும் வந்துவிட்டது!)

வைத்தியச் சொற்களுக்குத் தமிழில் வறுமை என்று சிலர் சொல்வதுண்டு. அவர்களுக்கு மறுமொழியாக யாழ்ப்பாணத்து மானிப்பாயை நினைவூட்டலாம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்திய கலாநிதி சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்தார். தமிழைக் கற்றார். 1864ஆம் ஆண்டு முதல் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே மாணவருக்குப் போதித்தார். அதற்கென நூல்களும் வேண்டியிருந்தமையால், அவரும் அவருடைய மாணவரும் ஆங்கில நூல்களைத் தமிழாக்கினர். பிரசவ வைத்தியம், இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று அந்நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அச்சேறின. உடற்கூற்றின் ஒவ்வோர் எலும்புக்கும் நாடிக்கும் தமிழில் பெயர் சொல்லி வைத்தியம் படித்த மாணவர்கள், மலைநாட்டில் கோப்பி பயிரிட்ட அந்தக் காலத்திலேயே நம் தீவில் இருந்தார்கள். அதே காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்து கோப்பித் தோட்டத்தில் காய்ச்சலிலும் வயிற்றுளைவிலும் மடிந்த தமிழருக்கு அந்தச் சொற்கள் எட்டவில்லை. சொல் இருந்தது, சொல்லுக்கு உரியவனிடம் அது போய்ச் சேரவில்லை என்பதே நம் வரலாறு.

தோட்டத்திலே எல்லோரும் அறிந்த வைத்தியச் சொல் ஒன்று உண்டென்றால் அது ‘எல்.ஆர்.டி.’ என்பதாகும். கருக்குழாயைக் கட்டி வெட்டும் நிரந்தரக் கருத்தடைச் சத்திர சிகிச்சையே அது. 1980களில் அச்சிகிச்சைக்கு உடன்பட்டோருக்கு அரசாங்கம் 500 ரூபா வரை ரொக்கமாகக் கொடுத்தது. அக்காலத்தில் தோட்டக் கூலிக்கு அது பல வாரச் சம்பளம். நாட்டின் ஏனைய பகுதிகளைவிடத் தோட்டப்புறத்திலேயே நிரந்தர முறையை மேற்கொண்ட தாய்மாரின் பங்கு மிக அதிகம் எனப் பின்வந்த கணக்கெடுப்புகளும் காட்டின. பிள்ளைகள் போதும் என்று தாமே தெளிந்து செய்துகொண்டவர்கள் பலர்; அவர்களுடைய முடிவைக் குறை கூற நாம் யார்? ஆனால் மூன்று எழுத்தை அறிந்திருப்பதும் பொருளை அறிந்திருப்பதும் ஒன்றல்ல. அதனை மறுபடி அவிழ்த்துவிடலாம் என்று எண்ணியிருந்த பெண்களை நாமே சந்தித்திருக்கிறோம். ‘கட்டுதல்’ என்ற சொல் அவ்வாறு எண்ண வைத்ததில் வியப்பில்லை. கட்டியது எதுவும் அவிழும் என்பதன்றோ நம் அனுபவம்! லூப்பும், மூன்று மாத ஊசியும், கையில் வைக்கும் குச்சியும் தற்காலிகமானவை, எல்.ஆர்.டி. நிரந்தரமானது. ‘தற்காலிகம்’, ‘நிரந்தரம்’ என்ற இவ்விரண்டு சொற்களையும் கேட்டறியாமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடலாகாது.

அண்டை நாட்டில் இது நீதிமன்றம் வரை சென்ற சங்கதி. டில்லியில் 1995ஆம் ஆண்டு சமீரா கோலி என்ற நாற்பத்து நான்கு வயதுப் பெண்மணி, நிற்காத மாதவிடாய்ப் போக்குக்காக வைத்தியரிடம் சென்றார். குழாய்க் கருவியை உள்ளே செலுத்திப் பார்க்கும் பரிசோதனைக்கும் அதனோடு சேர்ந்த சிகிச்சைக்கும் கையெழுத்திட்டார். அவர் உணர்வற்றுக் கிடந்தபோது வெளியே இருந்த அவருடைய தாயாரிடம் சம்மதம் கேட்டு, கர்ப்பப்பையையும் சூலகங்களையும் அகற்றிவிட்டனர். அவர் மீட்டுப் பெற இயலாத ஒன்று அது. 2008ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அகற்றுவதற்குக் கொடுத்த சம்மதம் ஆகாது, உயிருக்கு உடனடி அபாயம் இல்லாதபோது, நினைவு திரும்பக்கூடிய வயதுவந்த பெண்ணுக்காகத் தாயும் சம்மதம் சொல்ல இயலாது. நட்டஈடு 25,000 ரூபா.

இத்தனையும் கூறியபின், பழியெல்லாம் சொல் அறியாத நோயாளியின் மீதே விழுமோ என்று ஒருவர் கேட்கலாம். இதற்கும் ஒரு வழக்கு விடை தருகிறது. ஸ்கொத்லாந்தில் நடீன் மொண்ட்கோமரி என்ற நீரிழிவு நோயுள்ள கர்ப்பிணி, குழந்தை பெரிதாக இருக்கிறதே, தம்மால் பெற முடியுமோ என்று வைத்தியரிடம் பலமுறை கவலைப்பட்டார். பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் அபாயம் அவரைப் போன்றோருக்கு நூற்றுக்கு ஒன்பது அல்லது பத்து இருந்தும் அதனை வைத்தியர் சொல்லவில்லை. சொன்னால் தாய்மார் வயிற்றைக் கீறியே எடுக்கச் சொல்வார்கள் என்பது அவர் எண்ணம். 1999இல் பிறந்த குழந்தைக்குத் தோள் சிக்கியது, மூளை பாதிப்புற்றது. கவலையைச் சொன்னாரேயன்றி அபாயம் இன்னதென்று குறிப்பாகக் கேட்கவில்லையே என்று கீழ் நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளின. 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அதனை மாற்றிற்று. கேட்பதற்கு ஒன்று இருக்கிறது என்பதையே அறியாதவர் மீது கேட்கும் பொறுப்பைச் சுமத்துவது பொருந்தாது என்பது அத்தீர்ப்பின் சாரம். சொல்ல வேண்டியது வைத்தியரின் கடமையே.

கடமை அவருடையதுதான். ஆனால் ஒரு காலையில் நூறு பேரைப் பார்க்கும் அறையில், கேட்பவருக்கே விடை முந்திக் கிடைக்கிறது என்பதையும் நாம் அனுபவத்தில் அறிவோம்.

ஹட்டன் தாயின் கதைக்குத் திரும்புவோம். “மறுபடியும் உள்ளே போய்க் கேளுங்கள்” என்று நண்பர் கூறியபோது அவர் தயங்கினார். “டொக்டர் ஐயா ஏசுவாருங்க” என்றார். அந்த அச்சத்தைக் குறைவாக மதிப்பிடலாகாது. பெரிய துரைக்கு முன்னால் தலை நிமிராமல் நின்ற தலைமுறைகளின் பழக்கம் வெள்ளை அங்கிக்கு முன்னாலும் வந்து நிற்கிறது. நண்பர் ஒரு தாளில் நான்கு வரிகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பிள்ளையின் கையில் கொடுத்தார். அகற்றுவது கட்டியை மட்டுமா, கர்ப்பப்பை முழுவதையுமா? சூலகங்களையும் எடுப்பீர்களா? வேறு வழி உண்டா? இப்போது செய்யாவிட்டால் என்ன ஆகும்? இவையே அவ்வரிகள்.

வைத்தியர் ஏசவில்லை. இளைஞர், களைத்திருந்தார், தாளைப் படித்துவிட்டுச் சிறிது வெட்கமுற்றவர் போல் காணப்பட்டார் என்று மகள் பின்னர் சொன்னாள். தமிழ் அறிந்த தாதி ஒருவரை அழைத்துக்கொண்டு, ஒரு காகிதத்தில் கர்ப்பப்பையின் படத்தை வரைந்து விளக்கியிருக்கிறார். கண்டது புற்றுநோயன்று, நார்க்கட்டி. பெரும்போக்கினால் இரத்தசோகை ஏற்பட்டிருக்கிறது. போக்கைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. ஹோர்மோன் கலந்த லூப் உண்டு. கட்டியை மட்டும் எடுப்பதும் உண்டு, ஆனால் மறுபடி வளரலாம். மாதவிடாய் முற்றாக நின்றபின் இத்தகைய கட்டிகள் பொதுவாகச் சுருங்கும். அந்த வயது அவருக்குத் தொலைவில் இல்லை. கர்ப்பப்பையை அகற்றினால் தொல்லை அத்துடன் தீரும். ஆனால் பெரிய சத்திர சிகிச்சை, பல வாரம் கூடை தூக்க இயலாது. சூலகங்களை எடுக்கும் எண்ணம் இல்லை. இத்தனையும் சொல்லப் பத்து நிமிடம் பிடித்ததாம்.

“என்ன முடிவு சொன்னீங்க?” என்று நாம் கேட்டோம்.

“அடுத்த கிளினிக்குக்குள்ள யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிட்டேங்க. அதுவரைக்கும் இரத்தத்துக்கு மாத்திரை குடுத்திருக்காரு. வீட்டுக்காரர்கிட்டயும் பேசணும். ஆனா இப்ப எனக்கே வெளங்குது.”

அவர் ஒருவேளை அகற்றவே சம்மதித்திருக்கலாம். அதுவே அவருக்கு உகந்ததாகவும் இருக்கலாம். அதனை நாம் அறியோம். படம் வரைந்த காகிதத்தை நான்காக மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்துப் பொலிதீன் பையில் சுற்றிக்கொண்டார். மகள் எம் நண்பரிடம் திரும்பி, ‘சூலகம்’ என்பதற்குச் சின்ன ‘ல’வா பெரிய ‘ள’வா என்று கேட்டு, உள்ளங்கையில் பேனையால் எழுதிக்கொண்டாள். நோர்வூட் பஸ் வந்துவிடவே இருவரும் மழையில் ஓடினர்.